ஒரு முறை அரைத்தால் ஒரு வாரம்: இட்லி மாவைக் கடைசிக் கரண்டி வரை பயன்படுத்துவது எப்படி?

இட்லி மாவில் சிக்கனம் என்றதும் பலருக்கும் உளுந்தைக் குறைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. அப்படி மிச்சம் பிடித்த காசு, கல் மாதிரி ஆன இட்லியைப் பிள்ளைகள் பாதி தின்று தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகும்போதே போய்விடும். வீட்டில் மாவு உண்மையில் வீணாவது வாரக் கடைசியில்தான். வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜின் மூலையில் அரை டப்பா மாவு இருக்கும். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற புளிப்பு. "இதை யார் சாப்பிடுவார்கள்" என்று சிங்க்கில் ஊற்றிவிட்டு, கடையில் ஒரு பாக்கெட் மாவு வாங்குவார்கள்.

மாவுக்கும் வயது உண்டு. முதல் நாள் மாவில் இட்லி நன்றாக வரும், மூன்றாம் நாள் மாவில் தோசை நன்றாக வரும், ஆறாம் நாள் மாவில் இரண்டுமே வராது. ஆனால் அந்த ஆறாம் நாள் மாவைப் போல ராகி தோசைக்கு ஒத்துழைக்கிற மாவு வேறு இல்லை. எந்த வயதில் எதைச் செய்வது என்று தெரிந்தால் தூக்கிப்போட எதுவும் மிஞ்சாது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கான கணக்கு இது. ஆள் கூடினால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

அளவு

இட்லி அரிசி 1 கிலோ, தோல் நீக்கிய முழு உளுந்து 250 கிராம், வெந்தயம் 2 தேக்கரண்டி, கல் உப்பு 25 முதல் 30 கிராம். இதில் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ மாவு கிடைக்கும். எல்லாவற்றையும் இட்லியாகவே ஊற்றினால் 60 இட்லி வரும். டம்ளரால் அளப்பவர்கள் நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை அளந்த அதே டம்ளரால், தலை தட்டி உளுந்தையும் அளக்க வேண்டும். அரிசியைத் தலை தட்டியும் உளுந்தைக் கூம்பாகவும் அளந்தால் விகிதம் அங்கேயே மாறிப்போகும்.

இந்த 250 கிராம் கிரைண்டருக்கான அளவு. மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு 300 முதல் 325 கிராம் உளுந்து வேண்டும். மிக்ஸியின் பிளேடு உளுந்தை வெட்டுமே தவிர, குழவியைப் போல அடித்துக் காற்றை ஏற்றாது. போதாததற்குச் சூடும் ஆகும். அதனால் அதே உளுந்து கிரைண்டரில் காண்கிற (உப்பிப் பெருகுகிற) அளவுக்கு மிக்ஸியில் காணாது.

அரிசியில் குண்டான புழுங்கல் அரிசிதான் இட்லிக்குச் சரி. ஆடுதுறை 37 போன்ற குட்டையான, தடித்த ரகங்களைத்தான் கடைகளில் இட்லி அரிசி, குண்டு அரிசி என்று கேட்டு வாங்குகிறோம். பச்சரிசி மட்டும் போட்டால் இட்லி ஆறியதும் விறைத்துவிடும். தோசை மொறுமொறுப்பாக வேண்டும் என்பவர்கள் ஒரு கிலோவில் 200 கிராம் மட்டும் பச்சரிசியாக மாற்றிக்கொள்ளலாம்.

ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி வராது என்று சொல்வதை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் இந்த அரிசியில் எத்தனையோ வீடுகளில் இட்லி அவிகிறது. நிறம் மட்டும் சற்று மங்கலாக இருக்கும். தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை களைந்து, 6 மணி நேரம் ஊறவிட்டு, அரைக்கும்போது ஒரு கைப்பிடி அவல் சேர்த்தால் வித்தியாசம் தெரியாது. ஊறும்போது சில அரிசி மட்டும் மேலே மிதப்பதைப் பார்த்து பிளாஸ்டிக் அரிசி என்று பதறுகிறார்கள். அது இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலந்திருப்பார்கள். பொறுக்கி எறியாமல் சேர்த்தே அரைக்க வேண்டும்.

உளுந்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரு வருடம் டப்பாவில் கிடந்த பழைய உளுந்து புது உளுந்தில் முக்கால் பங்கு கூடக் காணாது. வாங்கும்போது பருமனாக, ஒரே வெள்ளையாக, மாவுப்பொடி ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்குவதில் லாபமில்லை. கறுப்புத் தோல் உளுந்து நன்றாகக் காணும். ஆனால் ஊறவைத்துத் தோலைக் கழுவி எடுக்க அரை மணி நேரமும் இரண்டு குடம் தண்ணீரும் ஆகும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அது சிக்கனம் ஆகாது.

ஊறவைப்பது

அரிசிக்கு 4 முதல் 5 மணி நேரம். உளுந்தும் வெந்தயமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், வெயில் காலத்தில் ஒரு மணி நேரம் போதும். உளுந்தை அரிசியோடு சேர்த்தே காலையில் போட்டுவிட்டு மாலையில் அரைப்பது பல வீடுகளில் வழக்கம். அதிகம் ஊறிய உளுந்தின் பசைத்தன்மை தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டால் மாவு பொங்குவதற்கு வேண்டியதில் பாதி சாக்கடைக்குப் போனது என்று அர்த்தம். ஆகவே ஊறவைப்பதற்கு முன்பே உளுந்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, அதையே தெளித்து அரைக்கலாம்.

வெந்தயம் 2 தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் இட்லி பழுப்பாகும், கசப்பும் தட்டும்.

சனிக்கிழமை அரைப்பவர்கள் பகல் 12 மணிக்கு அரிசியையும் மூன்றரை மணிக்கு உளுந்தையும் ஊறவைத்தால், ஐந்து மணிக்கு கிரைண்டரைப் போட்டு ஆறரைக்குள் கழுவி வைத்துவிடலாம். 150 வாட் மேசை கிரைண்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட் மின்சாரம் ஆகும். கரன்ட் பில்லுக்குப் பயந்து கடை மாவு வாங்கத் தேவையே இல்லை.

அரைப்பது

முதலில் உளுந்து. கிரைண்டரில் ஒரு கை தண்ணீர் விட்டு ஓடவிட்டு, உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குளிர்ந்த தண்ணீரை ஒரு கை தெளித்துக்கொண்டே 25 முதல் 30 நிமிடம் அரைக்க வேண்டும். 250 கிராம் உளுந்து மொத்தம் 400 முதல் 450 மி.லி. தண்ணீர் வாங்கும். எடுத்ததுமே முழுத் தண்ணீரையும் ஊற்றினால் உளுந்து குழவிக்குக் கீழே சிக்காமல் நழுவி ஓடும், எத்தனை நேரம் அரைத்தாலும் காணாது. தண்ணீரே விடாமல் அரைத்தால் சூடேறி மாவு இறுகும்.

பதம் பார்க்க ஒரு வழி: ஒரு கிண்ணம் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள். மிதந்தால் வழித்துவிடலாம். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். முப்பத்தைந்து நிமிடத்துக்குப் பிறகும் மூழ்கினால் உளுந்து பழசு. அதற்கு மேல் அரைத்துப் பயனில்லை. ஊறிய அவல் 50 கிராமை அரிசியோடு சேர்த்து ஈடுகட்டுங்கள்.

உளுந்தை வழித்ததும் கிரைண்டரைக் கழுவாமல் அரிசியைப் போடலாம். இதற்கு 500 மி.லி. அளவு தண்ணீர் போதும். விரலில் தேய்த்தால் மைய இல்லாமல் மெல்லிய ரவை போல நெருட வேண்டும், 20 நிமிடத்தில் அந்தப் பதம் வந்துவிடும். அரிசியை வெண்ணெய் போல அரைத்தால் இட்லி கொழகொழவென்று பல்லில் ஒட்டும். கொரகொரவென்று விட்டால் தோசை கிழியும். வாரம் முழுவதற்கும் ஒரே மாவு என்பதால் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது.

மிக்ஸிக்காரர்கள் உளுந்தை மூன்று தடவையாகப் பிரித்து, ஐஸ் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி அரைக்க வேண்டும். ஜாரைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது.

இரண்டையும் கையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கரண்டியில் எடுத்து ஊற்றினால் தண்ணீர் போல ஓடாமல் மடிந்து மடிந்து விழ வேண்டும். கை ராசியால்தான் மாவு பொங்குகிறது என்பார்கள். உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் பொங்கவைக்கின்றன, முக்கியமாக லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது விடும் வாயுவை வெளியே போகாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் பசையும். உளுந்தைக் குறைத்தால் ஏன் இட்லி தட்டையாகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கும். கையால் கலந்தால் கட்டி தெரியும், அவ்வளவுதான்.

புளிக்க வைக்கும் முன் இரண்டாகப் பிரியுங்கள்

மொத்த மாவையும் ஒரே தூக்கில் வைத்து ஒரே இரவில் புளிக்கவைத்தால் புதன்கிழமைக்குள் எல்லாமே புளித்துவிடும். பிறகு வாரம் முழுவதும் தோசைதான். அதற்குப் பதிலாக, அரைத்தவுடனே மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றரை கிலோ மாவில் அதற்குரிய உப்பை (15 கிராம்) போட்டு வெளியே வையுங்கள். மீதி ஒன்றேகால் கிலோவில் உப்புப் போடாமல், புளிக்கவிடாமல், நேராக ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும்.

இப்படிக் குளிரில் வைத்த மாவு மூன்று நாள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். செவ்வாய்க்கிழமை மாலை எடுத்து, 12 கிராம் உப்பைக் கலந்து வெளியே வைத்தால் புதன் காலை புது மாவு போலப் பொங்கி நிற்கும். குளிர் தெளிய நேரம் பிடிப்பதால், வழக்கமாக ஆவதைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக விட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பஞ்சு போன்ற இட்லி கிடைக்கும். அரைப்பதோ ஒரே முறைதான். அடிக்கடி மின்தடை வரும் ஊர்களில் மட்டும் இரண்டு நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

வெளியே வைக்கும் பாத்திரத்தில் பாதி அளவுக்குத்தான் மாவு இருக்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் மாவுக்குப் பிடித்தமானது. சித்திரை வெயிலில் 5 அல்லது 6 மணி நேரத்தில் பொங்கிவிடும். சனிக்கிழமை மாலை அரைத்த மாவை அந்த மாதங்களில் இரவு முழுவதும் வெளியே விடாமல், படுக்கப் போகும் முன் பொங்கியிருக்கிறதா என்று பார்த்து ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மற்ற மாதங்களில் 8 மணி நேரம், மார்கழியில் 12 முதல் 14 மணி நேரம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அதுவும் போதாது. ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடிப் போர்வை சுற்றி வைப்பதும், வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அண்டாவுக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைப்பதும் பலன் தரும். குளிர் காலத்தில் உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும். வெயில் காலத்தில் அதே காரணத்துக்காகவே முன்னால் போட வேண்டும்.

முதல் நாள்: இட்லி

பொங்கிய மாவைக் கரண்டி விட்டு அடிக்காதீர்கள். உள்ளே பிடித்து வைத்த காற்று போய்விடும். ஓரத்திலிருந்து மெதுவாக அள்ளி ஊற்றுங்கள். பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். பெரிய தீயில் 10 முதல் 12 நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாவிட்டால் வெந்தது. இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுங்கள். ஈரத்துணி விரித்த தட்டில் ஊற்றினால் எண்ணெய் தேவையில்லை. தட்டைக் கவிழ்த்துத் துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லி முழுசாக வரும்.

இரண்டு ஈடு ஊற்ற வேண்டியிருந்தால் அடித் தண்ணீரில் நன்றாகக் கழுவிய சின்ன உருளைக்கிழங்குகளைப் போட்டுவிடலாம். இரண்டாம் ஈடு இறங்கும்போது மதியப் பொரியலுக்குக் கிழங்கு வெந்திருக்கும், கேஸும் மிச்சம்.

இட்லி சொதப்பினால் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தட்டையாகப் பரவி, மேலே பளபளப்பாக இருந்தால் தண்ணீர் அதிகம். கனமாக, உள்ளே இறுகிக் கிடந்தால் உளுந்து குறைவு அல்லது மாவு இன்னும் பொங்கவில்லை. நன்றாக எழும்பி, தட்டிலிருந்து எடுத்ததும் அமுங்கினால் உளுந்து கூடிவிட்டது அல்லது மாவு அதிகம் பொங்கி இறங்கிவிட்டது. நடுவில் மட்டும் ஈரமாக இருந்தால் தண்ணீர் கொதிக்கும் முன்னரே தட்டை வைத்துவிட்டீர்கள். ஓரம் வறண்டு வெடித்தால் வேகவைத்த நேரம் கூடுதல். உளுந்து கூடிப்போன மாவைக் காப்பாற்ற, ஒரு லிட்டர் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி இட்லி ரவையை ஊறவைத்துப் பிழிந்து கலந்தால் போதும். தண்ணீர் கூடிப்போன மாவை இட்லிக்கென்று போராடாமல் அன்றே தோசையாக வார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஒன்றரை கிலோ மாவில் ஞாயிறு காலை 20 இட்லி போக, 600 கிராம் மிஞ்சும். அதை ஃபிரிட்ஜில் வைத்தால் திங்கள் இரவு பத்து தோசை.

இரண்டாம், மூன்றாம் நாள்: தோசை

வேண்டிய மாவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துத் தண்ணீர் கலக்குங்கள். முழு டப்பாவிலும் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டு, மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைப்பதுதான் மாவு சீக்கிரம் கெடுவதற்கு முக்கியக் காரணம். அதே போல, வெளியே எடுத்து அரை மணி நேரம் குளிர் தெளியவிட்ட மாவைத் திரும்ப டப்பாவில் சேர்க்காதீர்கள்.

ஜில்லென்ற மாவைச் சூடான கல்லில் ஊற்றினால் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். கல் அதிகம் சூடேறியிருந்தாலும் அதேதான். தண்ணீர் தெளித்தால் ஒரு கணத்தில் ஆவியாகிப் போக வேண்டும், உருண்டு ஓடினால் சூடு அதிகம். அப்போது ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு வாருங்கள். மாவு கல்லில் ஒட்டினால், பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுவதும் தேய்ப்பது பழைய வழி. சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை வார்ப்பதுதான் பெரும்பாலும் ஒட்டுவதற்குக் காரணம். இரும்புக் கல்லைத் தோசைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

சிவக்க வேண்டுமானால் அரைக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பை உளுந்தோடு ஊறவைக்கலாம். மறந்திருந்தால், வார்க்கும் முன் அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி ரவையும் கலந்தால் நிறமும் மொறுமொறுப்பும் வரும்.

இனிப்புப் பணியாரம் செய்வதாக இருந்தால் அதுவும் இந்த நாட்களில்தான். இரண்டு கப் மாவுக்கு 100 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். மாவு தளர்ந்துவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு. புளித்த மாவில் வெல்லம் போட்டால் இரண்டு சுவையும் சண்டை போடும், பிள்ளைகள் தொட மாட்டார்கள்.

நான்காம், ஐந்தாம் நாள்: ஊத்தப்பம், காரப் பணியாரம்

புளிப்பு தலைகாட்டத் தொடங்கும்போது வெங்காயம் கைகொடுக்கும். ஊத்தப்பத்துக்குத் தண்ணீர் சேர்க்காமல், கெட்டியாக ஊற்றி, பரப்பாமல் விட்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தூவி அழுத்துங்கள். சிறு தீயில் மூடி வைத்து மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். பெரிய தீயில் வைத்தால் வெளியே கருகி உள்ளே மாவு வாசனை அடிக்கும். முந்தின நாள் மிஞ்சிய கேரட் பொரியல், முட்டைக்கோஸ் பொரியல் எல்லாம் இதன் மேலே ஏறலாம்.

காரப் பணியாரத்துக்குக் கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தை வதக்கி ஆறவைத்துக் கலக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு மாவு நீர்த்துப் போகும். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும், முக்கால் குழிக்கு மாவு.

ஆறாம், ஏழாம் நாள்: புளிப்பே மூலதனம்

மாவுக்கு மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றால் மெதுவாக வடித்துவிடுங்கள், புளிப்பு கொஞ்சம் இறங்கும். ஆனால் ரோஜா நிறம், கறுப்பு, பச்சை என எந்தப் பூசணம் தெரிந்தாலும், அழுகல் வாடை வந்தாலும், மேலே வழித்துவிட்டு அடியில் உள்ளதைச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். மொத்தமும் குப்பைக்குத்தான். ஆஸ்பத்திரிச் செலவு மாவு விலையைவிட அதிகம்.

வெறும் புளிப்பு மட்டும் என்றால் அதை ராகி, கோதுமை போன்ற வேறு மாவுக்குள் கரைத்துவிடலாம். ஒரு கப் ராகி மாவு, ஒரு கப் புளித்த மாவு, ஒன்றரைக் கப் தண்ணீர், உப்பு. பத்து நிமிடம் ஊறினால் ராகி தோசை தயார். தனி ராகி மாவு கல்லில் பிய்ந்துபோகும், இந்த மாவின் உளுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். கோதுமை மாவும் அப்படியே, மோர் சேர்க்க வேண்டிய வேலையும் இல்லை. ரவையானால் ஒரு கப் மாவுக்கு அரைக் கப் ரவையும் முக்கால் கப் தண்ணீரும், இருபது நிமிடம் ஊற வேண்டும். மழை நாளாக இருந்தால் ஒரு கப் மாவில் மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவு, வெங்காயம், மிளகு, இஞ்சி சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து போண்டா போடலாம். மாவு தளர்வாக இருந்தால் எண்ணெய் குடிக்கும், அப்புறம் சிக்கனம் பேச முடியாது.

ஆப்ப சோடாவைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கப் மாவுக்கு இரண்டு சிட்டிகை. அது புளிப்பை முறிக்கும், வாயுவும் தரும். கூடினால் மாவு மஞ்சளாகிச் சோப்பு வாடை அடிக்கும்.

மிஞ்சிய இட்லியும் மதிய டப்பாவும்

சூடான இட்லியை உதிர்த்தால் களியாகும். உப்புமாவுக்கு இரண்டு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருந்து விறைத்த இட்லி வேண்டும். ஆறு இட்லிக்கு ஒரு பெரிய வெங்காயம், இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி உளுந்து, கறிவேப்பிலை. தாளித்து, உதிர்த்த இட்லியைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூன்று நிமிடம் மூடி வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். தண்ணீர் தெளிக்காமல் வதக்குவதால்தான் இட்லி உப்புமா தொண்டையில் நிற்கிறது.

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கட்டுவதற்குத் தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும். இட்லிப் பொடிதான் சரி. உளுந்து 200 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், எள் 50 கிராம், காய்ந்த மிளகாய் 20 முதல் 25, கல் உப்பு ஒரு மேசைக்கரண்டி, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி. பருப்புகளைத் தனித்தனியாகச் சிறு தீயில் சிவக்க வறுங்கள், ஒன்றாகப் போட்டால் ஒன்று கருகும்போது மற்றது பச்சையாக இருக்கும். எள்ளை வெடிக்கும்வரை. முழுவதும் ஆறிய பிறகு கொரகொரப்பாக அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துக் கட்டிபிடிக்கும். ஈரம் படாத கரண்டி போட்டால் ஒரு மாதம் தாங்கும்.

டப்பாவில் வைக்கும் இட்லி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக மூடினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். நான்கு இட்லிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி பொடியும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயும் குழைத்து இருபுறமும் தடவுங்கள். எண்ணெய் குறைந்தால் இட்லி வறளும், பிள்ளை தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

தண்ணீரும் கடைசிக் கரண்டியும்

அரிசி களைந்த முதல் தண்ணீரில் தூசி இருக்கும், அது செடிக்கு. இரண்டாவது கழுநீரில் புளி ஊறவைத்தால் குழம்பு கொஞ்சம் கெட்டியாகும். கிரைண்டரை முதல் முறை அலசிய தண்ணீர் உண்மையில் நீர்த்த மாவுதான். ஒரு டம்ளரில் அடங்கும் அளவு தண்ணீரில் குழவியையும் கல்லையும் வழித்து அலசி, அதை உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தோசைக்குத் தண்ணீருக்குப் பதிலாகக் கலக்கலாம்.

டப்பாவின் அடியில் ஒரு கரண்டி மாவு எப்போதும் மிஞ்சும். கார்த்திகை முதல் தை வரை அதை எறியாதீர்கள். அடுத்து அரைக்கும் மாவில், வெளியே வைக்கும் பங்கில் அதைக் கலந்தால் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும் மாவு ஒன்பது பத்து மணி நேரத்தில் பொங்கும். கோடையில் இதைச் செய்தால் காலைக்குள் மாவு வழிந்து அடுப்பு மேடையில் நிற்கும். அந்த மாதங்களில் கடைசிக் கரண்டியைக் கோதுமை தோசையோடு தீர்த்துவிட்டு, டப்பாவைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ மறக்காதீர்கள், பழைய புளிப்பு அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும்.